உள்கோடியில் கேட்ட மூச்சு

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். ஆனால் இது என் அண்ணிக்கு நடந்தது. பேய்ப்படம் ஓடினால் பாதியிலேயே குறட்டை விடுகிற ஆள் அவர். அவர் வாயில் பொய் வந்து நான் கேட்டதில்லை. இது நடுராத்திரியில் நடந்ததும் இல்லை. பட்டப்பகலில், சுற்றிலும் ஆட்கள் இருக்கும்போதே நடந்தது.

சிறு விமானங்களின் கதவு, மூடி போன்றவற்றுக்கு அச்சு செய்கிற பட்டறையில் அண்ணிக்கு வேலை. பிசின் ஊறிய கார்பன் துணி ஃப்ரீசரில் இருக்கும். அதை எடுத்துக் குளிர் விட்டதும் மாதிரி உருவின் மேல் அடுக்கடுக்காகப் படிய வைப்பார்கள். மேலே பிளாஸ்டிக் பை போட்டு மூடி, உள்ளிருக்கும் காற்றையெல்லாம் உறிஞ்சிவிட்டு, ஆட்டோகிளேவுக்குள் தள்ளி வேகவைப்பார்கள். ஆட்டோகிளேவ் என்பது ஆள் குனிந்து நடக்கிற அளவுக்குப் பெரிய இரும்பு உருளை. பட்டறையில் அதற்கு டேங்க் என்றுதான் பெயர். வேறொரு கம்பெனி ஓட்டிக் கழித்ததை முதலாளி வாங்கிப் போட்டிருந்தார்.

வெந்த அச்சைப் பிரித்தால் அதன் முகம் கண்ணாடி மாதிரி பளபளக்க வேண்டும். அந்தக் கதவு அச்சில் அப்படி வரவில்லை. ஒரு முனையில் ஊசியால் குத்தியது போலத் துளைகள். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு திட்டுகள். ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம்.

"துணியில ஈரம் ஏறியிருக்கும்" என்றார் முதலாளி. அடுத்த முறை துணியின் உறை மேல் படிந்த பனித்துளி முழுக்கக் காயும்வரை காத்திருந்துதான் அண்ணி துணியைப் பிரித்தார். மறுபடியும் துளைகள். அடுக்குகளுக்கு நடுவே காற்று மாட்டியிருக்குமோ என்று, ஒவ்வொரு அடுக்கையும் தனித்தனியாகப் பை போட்டு அழுத்தினார். மறுபடியும் துளைகள். அதே இடம், அதே இரண்டு திட்டு.

கடைசியில் அண்ணி ஒன்று செய்தார். அடுத்த அச்சை மாதிரி உருவோடு சேர்த்து முனை மாற்றி டேங்குக்குள் வைத்தார். மாதிரி உருவில்தான் கோளாறு என்றால் துளைகள் பழைய முனையிலேயே வர வேண்டும். வரவில்லை. டேங்கின் உள்கோடிக்குப் போன புது முனையில் வந்தன.

"அச்சுல ஒண்ணுமில்ல. டேங்குலதான் ஏதோ இருக்கு" என்றார் அண்ணி.

"பேயா அக்கா?" கூட வேலை பார்ப்பவர் கேட்டார். வாய் ஓயாததால் அவருக்கு ரேடியோ என்று பட்டப்பெயர்.

முதலாளி சிரிக்கவில்லை. "அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். பையில காத்து உறிஞ்சுற ஓஸ்ல, உள்கோடியில கசிவு இருக்கும், போய்ப் பாருங்க. இன்னொரு அச்சு கெட்டா ஆர்டர் கையை விட்டுப் போயிடும். அப்புறம் எல்லாரும் வீட்ல உக்காந்து ஈ ஓட்ட வேண்டியதுதான்."

டேங்குக்குள் அழுத்தத்துக்கு நைட்ரஜன் நிரப்புவார்கள். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை; அது நிறைந்த இடத்தில் மூச்சு விட்டால் ஆள் தெரியாமலேயே மயங்கிச் சாய்ந்துவிடுவார். அது முழுக்க வெளியேறிய பிறகுதான் ஆள் நுழையலாம். ஒருவர் உள்ளே போனால் ஒருவர் வாசலில் நிற்க வேண்டும். ரேடியோ வாசலில் நின்றார். பை போட்ட அச்சு உள்ளே இருந்தது. கையுறை போட்டு, கசிவைக் கண்டுபிடிக்கிற கருவியின் ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு, அண்ணி குனிந்து உள்ளே போனார். காதுக்குக் கேட்காத கசிவையும் அது கேட்க வைக்கும். கசிவு இருந்தால் விடாமல் 'ஸ்ஸ்ஸ்' என்று இரையும்.

பாதி தூரம் வரை சத்தமே இல்லை.

உள்கோடியை நெருங்கியதும் கேட்டது.

ஸ்ஸ்ஸ்... நின்றது. ஸ்ஸ்ஸ்... நின்றது.

கசிவு இப்படி விட்டு விட்டு வராது. பையோடு இணைத்திருந்த அழுத்தமானியைப் பார்த்தார். முள் அசையவே இல்லை. பையில் ஓட்டை கிடையாது.

தன் மூச்சுச் சத்தம்தான் கருவியில் கேட்கிறது என்று நினைத்தார். மூச்சை அடக்கிக்கொண்டார்.

ஸ்ஸ்ஸ்... நின்றது. ஸ்ஸ்ஸ்...



"ரேடியோ..." என்று கூப்பிட்டார்.



அந்த மூச்சு வேகமானது. கிட்டே வந்தது. இடது காதில்... பிறகு இரண்டு காதிலும்.

திரும்ப நினைத்தார். முழங்கால் மடங்கியது. அச்சின் மேல் கவிழ்ந்தார்.

கண் இருட்டியது.

அப்போது... யாரோ இரண்டு கணுக்காலையும் பிடித்தார்கள்.

இழுத்தார்கள்.

கண் விழித்தபோது டேங்க் வாசலுக்கு வெளியே தரையில் கிடந்தார். முகத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார் ரேடியோ.

"நல்ல வேளை இழுத்தீங்க" என்றார் அண்ணி.

"நான் இழுக்கலக்கா. டேப் எடுக்கத்தான் ஒரு நிமிஷம் அந்தப் பக்கம் போனேன். வந்து பாத்தா நீங்க வெளிய கிடக்கறீங்க."

அண்ணியின் இரண்டு கணுக்காலிலும் விரல் பதிந்த கன்றல். என் அண்ணன்தான் தைலம் தடவிவிட்டார்.

நைட்ரஜன் வால்வு சரியாக மூடாமல் கசிந்துகொண்டிருந்தது பிறகுதான் தெரிந்தது. அதைச் சரிசெய்ய வந்த மெக்கானிக், இந்த டேங்க் முன்பு இருந்த கம்பெனியிலும் வேலை பார்த்தவர். துளை விழுந்த அச்சுகளைப் பார்த்தார். அந்தத் திட்டுகளின் மேல் தன் இரண்டு கையையும் விரித்து வைத்தார். சரியாகப் பொருந்தின. கையைச் சட்டென்று எடுத்துக்கொண்டார்.

"கசிவு பாக்கப் போன ஒருத்தர் உள்கோடியில அச்சு மேல கவுந்துட்டார்மா. அவரை இழுக்க இன்னொருத்தர் ஓடினார். காலைப் பிடிச்சுப் பாதி தூரம் இழுத்திருக்கார்... அவரும் விழுந்துட்டார். ரெண்டு பேருமே பிழைக்கல."

தன்னை இழுத்துப் போட்டது யார் என்று அண்ணிக்குப் புரிந்தது. அந்த முகம் தெரியாத மனிதருக்காக அழுதார். அந்த வேலைக்கு அவர் திரும்பப் போகவில்லை.

கதை இதோடு முடிந்தது என்றுதான் நானும் இத்தனை நாள் நினைத்திருந்தேன். போன வாரம்தான் மிச்சத்தைச் சொன்னார். அண்ணனிடம்கூடச் சொல்லாதது.

அன்றைக்குக் கையுறையைக் கழற்றியபோது அவருடைய வலது கையில் கீறல்கள் இருந்தன. நகத்தால் விழுந்த கீறல்கள். மணிக்கட்டில் தொடங்கி விரல் நுனிவரை நீளமாக... வெளியே இழுபட்டுப் போகிற ஆளை விட்டுவிட மனமில்லாமல், உள்ளிருந்து யாரோ கடைசிவரை பிடித்திருந்த மாதிரி.

கையுறை எங்கேயும் கிழிந்திருக்கவில்லை.