வெங்காயத் தோலுக்குச் செய்த துவக்கு

நான் ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன். ஆனாலும் எங்கள் பக்கத்தில் என் கை படாமல் ஓடிய இயந்திரம் குறைவு. ஒற்றை லேத்தோடு தொடங்கியது என் பட்டறை. பாராட்டி வந்த கடிதங்களுக்குச் சட்டம் போட்டுச் சுவர் நிறைய மாட்டி வைத்திருந்தேன். இதையெல்லாம் பெருமையாகச் சொல்லுகிற வாய், ஒரு விஷயத்தை மட்டும் இத்தனை வருஷமாகச் சொல்லவில்லை.

இந்திய ஆமி எங்கள் ஊரில் நின்ற காலம். பல்கலைக்கழகத்தில் தாவரவியல் படிப்பிக்கிற மிஸ் ஒருவர், உடுவிலில் சேர்ச்சுக்குப் போகிற வேதக்காரக் குடும்பத்தவர், பட்டறைக்கு வந்தார்.

“அண்ணை, எனக்கொரு துவக்குச் செய்து தரவேணும்.”

“மெல்லக் கதையுங்கோ மிஸ், சந்தியிலை ஆமி நிக்குது. ஆரைச் சுடப் போறியள்?”

“வெங்காயத்தை.”

லேத்தில் வேலைக்கு நின்ற பெடியன் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த சாவி விழுந்தது.

மிஸ் படம் கீறிக் காட்டினார். பயிரின் குணத்தைச் சுமப்பது பரம்பரையலகு என்கிற ஜீன். அதை மாவைவிட நுண்ணிய உலோகத் தூளில் பூசி, காற்றின் வேகத்தில் அடித்தால், தூள் வெங்காயத் தோலின் உயிர்க்கலங்களுக்குள் புகுந்துவிடுமாம். முதலில் நீலம் காட்டும் ஒன்றை அடித்துப் பார்ப்பதாம்; சரிவந்தால் தோலில் நீலப் புள்ளி தெரியும். பிறகு, நோய் தாங்கும் குணத்தையும் இப்படியே வெங்காயத்துக்குள் ஏற்றலாம்.

“அந்தப் பரம்பரையலகு என்னட்டை இந்த ஒரு குழாய்தான் இருக்கு, அண்ணை. வெளிநாட்டிலை இருந்து ஐஸிலை வைச்சுக் கொண்டுவந்தது. பிழைச்சு வீணாப் போனால் இனி இல்லை.”

“என்ரை கையிலை பிழைக்காது மிஸ்.”

பிழைக்கவும் இல்லை. சைக்கிள் பம்ப் ஒன்றை வெட்டிக் குழல் செய்தேன். வாயில் துளைத் தகடு வைத்தேன். தூளை முன்னால் சுமந்து வருகிற அடைப்பு தகட்டில் முட்டி நிற்க, தூள் மட்டும் துளையால் பாயும். வெறுந் தூளை அடித்துப் பார்த்தோம். பூவாகச் சிதறியது. மிஸ் கைதட்டினார்.

சுடுவதற்கு முதல் நாள், மிஸ் பாகங்களை எல்லாம் பிரஷர் குக்கரில் அவித்துக் கடதாசியில் சுற்றிப் பட்டறையிலேயே வைத்தார். “நான் வந்து பிரிக்குமட்டும் ஒருத்தரும் தொடக்கூடாது, அண்ணை. கண்ணுக்குத் தெரியாத பூஞ்சணம் ஒன்று போனாலும் போச்சு.”

எங்கள் பட்டறையில் பூசை வைக்காமல் ஒரு இயந்திரமும் ஓடியதில்லை. மிஸ் வைக்கமாட்டார், நானாவது வைக்கவேண்டும் என்று பட்டது. விடிய முழுகிவிட்டு வந்து கடதாசியைப் பிரித்தேன். குழலுக்குச் சந்தனப் பொட்டு வைத்தேன். அதன் வாய்க்குள் ஒரு சிட்டிகை திருநீறு ஊதினேன். செவ்வரத்தம்பூ ஒன்றைச் செருகி, கற்பூரம் காட்டி, பூவை எடுத்துவிட்டேன். பொட்டைத் துடைத்துவிட்டுப் பழையபடி சுற்றி வைத்தேன். துடைத்தது மறைக்கத்தான்.

மிஸ் வந்து குழாயில் இருந்த அத்தனையையும் தூளில் பூசிச் சுட்டார். காற்றுத் திறப்பைத் திருகியது நான்தான்.

மூன்றாம் நாள் கண்ணாடித் தட்டுகளோடு வந்தார். ஒரு நீலப் புள்ளியும் இல்லை. வெங்காயத் தோல் எல்லாம் பஞ்சு பஞ்சாகப் பூஞ்சணம்.

“துவக்கிலை ஒரு குறையும் இல்லை, அண்ணை. என்ரை கைதான் எங்கையோ சுத்தமில்லாமல் இருந்திருக்கு.” சொல்லும்போது கண் கலங்கியிருந்தது.

அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். திறந்தேன்தான்.

“ஓம் மிஸ், நீங்கள் கொஞ்சம் கவனமா இருந்திருக்க வேணும்.”

தலையாட்டிவிட்டுப் போனார். இன்னொரு குழாய் வரவில்லை. மிஸ் அந்த வேலையை விட்டுவிட்டு, பழையபடி வகுப்போடு நின்றுவிட்டார் என்று கேள்விப்பட்டேன். அடுத்த வருஷம் அவர் எழுதிய அறிக்கையில் ஒரு பிரதி எனக்கு வந்தது. இங்கிலிஷ் தெரிந்த மருமகன் வாசித்துச் சொன்னார்: கருவி குறையில்லாமல் வேலை செய்தது, செய்து தந்தவருக்கு நன்றி, தோல்விக்குக் காரணம் என்னுடைய கவனக்குறைவு.

“மாமா, இதையும் சட்டம் போடுவமே?” என்று கேட்டார்.

சுவரில் இடம் இல்லை என்றேன். இடம் இருந்தது.