முதல் பொட்டு

ஒப்பனைக்காரன் பிழைப்பு அடுத்தவன் முகத்தில் இருக்கிறது. என் பிழைப்பு ஏகாம்பரத்தின் முகத்தோடு போயிற்று. எங்கள் நாடகக் கம்பெனியின் ராஜபார்ட் அவர். செங்கல்பட்டுக் கொட்டகையில் நான் போட்டுவிட்ட வேஷத்தோடு மேடையேறினார். தர்பார் காட்சியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். எழுந்திருக்கவில்லை. நடந்தது ஐம்பதுகளில். ஒட்டுமீசைப் பசை நாற்றத்தோடு சோறு தின்றவர்களே, உங்களுக்குத்தான் எழுதுகிறேன். மற்றவர்களுக்குப் புரியாவிட்டால் நான் பொறுப்பில்லை.

கண்ணாடிக்கு முன்னால்

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. சாமி படத்தைக் கும்பிட்டு, அரிதாரத்தைக் குழைத்து, ஒப்பனைக்காரன் மோதிர விரலால் நெற்றியில் முதல் பொட்டு வைப்பான். அப்புறம்தான் வேஷம். அந்தத் தொடுகையில் எதிரே இருப்பவன் கண்ணை மூடுவான். திறக்கும்போது வேறு ஆள். அதைப் பார்க்கத்தான் இந்த வேலைக்கு வந்தேன். வேறு எதற்கும் இல்லை.

ஏகாம்பரம் போன பிறகு நடந்த முதல் நாடகம். குழைத்து வைத்துக் காத்திருந்தேன். யாரும் வரவில்லை; என் கை பட்ட முகம் பிழைக்காது என்று பேச்சு. ஆளுக்கொரு கைக்கண்ணாடி வைத்துக்கொண்டு தாங்களே பூசிக்கொண்டார்கள். மந்திரிக்கு ஒரு புருவம் மேலே, ஒரு புருவம் கீழே. பபூன் மட்டும் கிட்டே வந்தான், பவுடர் டப்பாவை எடுத்துப்போக.

“கோச்சிக்காத அண்ணாத்த, எனக்குப் புள்ளைங்க கீது.”

மலைக்குப் போனது

அடுத்த முகாம் திருக்கழுக்குன்றம். கொட்டகைக் குத்தகைக்காரர் காதர் பாய்க்கு என் நிலையைப் பார்க்கப் பொறுக்கவில்லை. “மேலே போயி உங்க சாமியைக் கும்பிட்டுட்டு வாய்யா, இவங்க வாயை அடைச்சிடலாம்” என்றார். ஏறினேன். உச்சிவேளையில் கழுகு வந்து பிரசாதம் தின்றுவிட்டுப் போனது. கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. கொட்டகைக்குத் திரும்பி, கோயில் குங்குமத்தை எல்லார் கண்முன்னாலும் அரிதாரத்தில் கலந்தேன். ஒருத்தரும் முகம் கொடுக்க வரவில்லை.

“கழுகே வந்து சாப்டுட்டுப் போச்சு, உங்களுக்கு இன்னாய்யா பயம்?” என்று பாய் சத்தம் போட்டார். மந்திரி வேஷக்காரர் மீசையை ஒட்டிக்கொண்டே சொன்னார்:

“அதுக்கு ரெக்கை கீது பாய், பறந்துடும். நாங்க எங்க ஓடறது?”

மாமல்லபுரம்

கடற்கரையில் சினிமாக்காரர்கள் படம் பிடிக்க வந்தார்கள். பாய் சொல்லி என்னை அனுப்பினார். கூட்டத்தில் நிற்கும் போர்வீரர்களுக்கு முகம் போட வேண்டும். வீரர்களில் பாதி செங்கல்பட்டு ஆட்கள். காதுக்குக் காது சேதி போனது. வரிசை மெல்ல நகர்ந்து அடுத்த ஒப்பனைக்காரனிடம் போய் நின்றது.

படக் கம்பெனி மானேஜர் என்னை ஓரமாகக் கூட்டிப்போனார். அங்கே காகிதக் கூழில் செய்த ஒரு சிலை. அதைக் கல்லாக்க வேண்டுமாம். நிஜக் கல் கூப்பிடு தூரத்தில் நின்றுகொண்டிருக்கிறது. பொழுதுக்கும் சாம்பல் நிறம் அடித்தேன். ஈரக் காற்றில் காயவே இல்லை. மானேஜர் முதுகில் தட்டினார்.

“பேஜார் இல்லாத மூஞ்சி நைனா, உன்னை ஒண்ணும் கேக்காது.”

செய்யூர்

செய்யூர் முகாமில் விலகிவிடுவது என்று பெட்டியைக் கட்டினேன். அன்று சாயங்காலம் ராணி வேஷத்துக்கு ஒருத்தி வந்தாள். ஏகாம்பரத்தின் பெண்சாதி தனபாக்கியம். கல்யாணத்துக்கு முன்னால் நடித்தவள். இப்போது வெள்ளைச் சேலை, வெறும் நெற்றி. கம்பெனியில் முணுமுணுப்பு: தாலியறுத்தவளுக்கு வேஷத்துக்குக்கூடப் பொட்டு ஆகாதாம்.

நேரே என் முன்னால் வந்து உட்கார்ந்தாள்.

“பெட்டியைத் தொறங்க அண்ணாத்த.”

“வேணாம்மா. என் கையாலதான் அவரு...”

“உங்க கையில இன்னா கீது? ரொம்ப நாளா அவருக்கு நெஞ்சு வலி. வெளியே தெரிஞ்சா ராஜபார்ட் போயிடும்னு என் வாயைக் கட்டிட்டாரு.”

எல்லார் காதிலும் விழட்டும் என்றுதான் உரக்கச் சொன்னாள். குழைத்தேன். விரல் அந்த நெற்றிக்கு அருகே போய் நின்றுவிட்டது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

“வெச்சுடுங்க. உங்க கையைப் பார்த்தா அவங்களுக்குப் பயம், என் நெத்தியைப் பார்த்தாலும் அவங்களுக்குத்தான் பயம். நமக்கு இன்னா?”

வைத்தேன். கண்ணைத் திறந்தாள். ராணி.

தேங்காயெண்ணெய்க்கும் சோப்புக்கும் போகாத பீடை ஒன்று ஒப்பனைக்காரன் கையில் ஒட்டும். என் கையிலிருந்து அதைக் கழுவிவிட்டவள் தனபாக்கியம்.