பத்து ஓம் என்று சொன்ன மேரி அக்கா

மேரி அக்கா இறந்துவிட்டார். இன்று காலை, ஆஸ்பத்திரியில்... இரண்டு வருஷமாகக் கிட்னி நோயோடு போராடினார்.

கம்பெனி வாட்ஸ்அப் குரூப்பில் பூப்படம் போட்டு எழுதியிருக்கிறார்கள். "சொன்ன பேச்சு கேட்கும் ஊழியர்" என்று. படித்ததும் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

அவர் சொன்ன பேச்சு கேட்காத கதையை நான் சொல்கிறேன்.

பாயான் பாரு பக்கம் ஓர் எலெக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரியில் நாங்கள் ஒரே ஷிஃப்ட். சர்க்யூட் போர்டுகளை உலர்த்தும் ஓவன் அக்காவின் பொறுப்பு. தினமும் அதன் மீட்டரில் வோல்ட்டும் ஆம்பியரும் பார்த்து நோட்டில் எழுத வேண்டும். அவ்வளவுதான் வேலை. அக்கா கணக்கும் போடுவார்.

ஒரு தடவை ஓவன் ஹீட்டரை மாற்றினார்கள். கரண்ட் அளவு மீறினால் தானாக அணைக்கும் பிரேக்கர் மறுநாளே விழ ஆரம்பித்தது. ரிப்பேர்காரர் வந்தார். ஹீட்டரைத் திறந்துகூடப் பார்க்காமல் பெரிய பிரேக்கரைப் போட்டுவிட்டுப் போனார்.

அக்கா ஒரு பெட்டி அட்டையைக் கிழித்துக் கணக்குப் போட்டார்.

முன்பு 240 வோல்ட், 16 ஆம்பியர். வகுத்தால் 15 ஓம். பெருக்கினால் 3,840 வாட்.

இப்போது அதே 240 வோல்ட். ஆனால் 24 ஆம்பியர். வெறும் 10 ஓம்... 5,760 வாட்!

"கலா, இது நம்ம ஹீட்டரே இல்ல. வேற சைஸ் போட்டுட்டாங்க. வயரு இருபது ஆம்பியருக்குத்தான். எப்படிலா தாங்கும்?"

அட்டையோடு சூப்பர்வைசரிடம் போனார். அவரும் நம் தமிழ் ஆள்தான்.

"அக்கா, நீங்க ஓப்பரேட்டர். எஞ்சினியர் வேலைய எஞ்சினியர் பார்ப்பாருலா."

"நான் ஓப்பரேட்டர்னு மீட்டருக்குத் தெரியாது தம்பி. அது இருபத்து நாலுன்னுதான் காட்டுது."

அவர் சிரித்தார். அக்கா நேரே போய் ஓவனின் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, அதன் முன்னால் நின்றுகொண்டார். அரை நாள் லைன் ஓடவில்லை.

அதற்குக் கிடைத்தது வார்னிங் லெட்டர். பேக்கிங் பிரிவுக்கு மாற்றினார்கள். ஓவனைத் திரும்பப் போட்டார்கள்.

மூன்றாம் நாள் பின்பக்க வயர் உருகித் தீப்பிடித்தது. அக்காவின் இடத்தில் நின்ற நூருலுக்கு வலது கை முழங்கை வரை வெந்துவிட்டது. இருபத்து மூன்று வயதுப் பெண்...

பிறகு இரண்டு பேர் வந்து ஹீட்டரை அளந்தார்கள். பத்து ஓம். பழைய சைஸ் ஹீட்டரை மாட்டினார்கள். அக்காவிடம் யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

"என் ஃபைல்லேர்ந்து அந்த லெட்டர மட்டும் எடுத்துடுங்க" என்று இரண்டு முறை ஆஃபீசுக்குப் போய்க் கேட்டார். எடுக்கவில்லை. ரிட்டயர் ஆகும்வரை பேக்கிங்கில் பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தார்.

என் மேலும் எனக்குக் கோபம்தான்.

வார்னிங் லெட்டர் வந்த அன்று அக்கா ஒரு பதில் எழுதினார். "மீட்டர் ரீடிங்கை நீயும் பார்த்தேல்ல, சாட்சிக்கு ஒரு கையெழுத்துப் போடு கலா" என்றார். அந்த மாதம் என் கான்ட்ராக்ட் புதுப்பிக்க வேண்டியிருந்தது. பேனாவை வாங்கினேன்... திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

"பரவால்லமா" என்றார். மறுநாளும் என்னோடு உட்கார்ந்துதான் சாப்பிட்டார்.

அக்கா, இருபத்து நாலுதான் காட்டியது. நானும் பார்த்தேன்.

போய் வாருங்கள்.

— கலா