என் பக்கத்தில் எழுதிய பதினாறு பேர்

வீட்டு உள்ளலங்கார வேலை செய்கிறவர்களும் அதைச் செய்துகொள்ள ஆசைப்படுகிறவர்களும் கூடுகிற பெரிய இணையதளம் ஒன்று உண்டு. உலகத்து அடுப்படிகளும் படுக்கையறைகளும் அதில் படமாகக் கிடக்கும். நாம் முடித்த வேலையைப் படமெடுத்து நம் பக்கத்தில் போட்டால், வேலை கொடுத்தவர் அதன் கீழே நட்சத்திரம் வைத்து நாலு வார்த்தை எழுதுவார். பாலிடெக்னிக்கில் படித்த என்னைப் போன்றவனுக்கு அந்தப் பக்கம்தான் சான்றிதழ். அதில் ஒரே ஒரு பாராட்டு இருந்தது.

எழுதியவர் லேக் கார்டன்ஸில் தனியாக இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை. வங்காள வழக்கப்படி மாஷிமா, அதாவது பெரியம்மா, என்று கூப்பிடுவேன். தரையில் உட்கார்ந்து, அரிவாள்மணையைக் காலால் மிதித்துக்கொண்டு காய் நறுக்கியே காலத்தை ஓட்டியவர். முழங்கால் மடங்காமல் போனதும் கத்தி பிடித்துப் பார்த்தார்; கை வரவில்லை. நான் ஒரு தாழ்வான கல்மேடை போட்டு, அரிவாள்மணையின் பலகையை அதில் போல்ட்டால் இறுக்கிக் கொடுத்தேன். நாற்காலியில் உட்கார்ந்தே நறுக்கலாம். யோசனை புத்தகத்திலிருந்து வந்ததல்ல. ரயில்வே குவார்ட்டர்ஸில் அம்மா கீரை நறுக்கிவிட்டுச் சுவரைப் பிடித்து எழுந்திருப்பதைப் பார்த்து வந்தது. மாஷிமா ஒரு பிற்பகல் முழுக்க ஒற்றை விரலால் தட்டி எட்டு வரி எழுதினார்.

அந்த மேடையின் படத்தைப் பார்த்துத்தான் ஒரு பெரிய நிறுவனத்தில் நேர்முகத் தேர்வுக்குக் கூப்பிட்டார்கள். நன்றாகவே போனது. திங்கட்கிழமை மேலதிகாரிகள் என் பக்கத்தைப் பார்த்து முடிவெடுப்பார்கள் என்று அங்கிருந்த பெண்மணி சொன்னார். மற்றவர்களுக்கு முப்பது நாற்பது பாராட்டு இருக்கிறதே என்றும் சொன்னார், அக்கறையோடுதான். இதை நான் வீட்டில் வந்து சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது.

அப்பாவுக்கு ஹவுராவில் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் பாரம் தூக்கும் கலாசி வேலை. கையெழுத்து மட்டும் போடத் தெரியும். அவருடைய உலகத்தில் ஒருவனுக்கு டிரான்ஸ்ஃபர் வேண்டும், லீவு வேண்டும் என்றால் பத்துப் பேர் சேர்ந்து மனுவில் கையெழுத்துப் போடுவார்கள். சேர்ந்து போட்டால்தான் மதிப்பு. ஞாயிற்றுக்கிழமை காலை காலனி முருகன் கோவிலில் பஜனை முடிந்ததும், பிரசாதம் வாங்க நின்றவர்களைக் கமிட்டி அறைக்குள் உட்கார வைத்து, கோவில் வைஃபையைப் போட்டுக் கொடுத்து, ஒவ்வொருவரையும் எழுத வைத்திருக்கிறார். நான் அன்று ஒரு ஃபிளாட்டில் அலமாரிக்கு அளவெடுத்துக்கொண்டிருந்தேன்.

வீடு திரும்பிப் பார்த்தால் பதினேழு பாராட்டுகள். 'பிறந்ததிலிருந்து தெரியும், கெட்ட பழக்கம் எதுவும் கிடையாது.' 'பத்தாவதில் கணக்கில் தொண்ணூற்றாறு.' 'எங்கள் வீட்டு ஃபேனைச் சரிசெய்து கொடுத்தான், டீகூடக் குடிக்கவில்லை.' எனக்கு இன்னும் பெண் பார்க்கவில்லை என்ற தகவலை ஒருவர் சேர்த்திருந்தார். எல்லாம் ஐந்து நட்சத்திரம்.

அப்பா டீ டம்ளருடன் எதிரே வந்து உட்கார்ந்தார்.

"எத்தனை வந்திருக்கு?"

"பதினேழுப்பா."

"இன்னிக்கு டியூட்டில இருக்கவங்க பாக்கி. நாளைக்கு எழுதிடுவாங்க. நாப்பதுக்குக் கொண்டுவந்துரலாம்."

நான் சிரித்தேன். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. அப்போதே தளத்துக்கு எழுதி நடந்ததைச் சொல்லியிருந்தால் ஒருவேளை தப்பித்திருப்பேன்.

திங்கட்கிழமை காலை மின்னஞ்சல் வந்தது. ஒரே இடத்திலிருந்து, ஒரே மணி நேரத்தில் எழுதப்பட்டவை, போலிகள். பக்கம் முடக்கப்படுகிறது. மாஷிமாவின் எட்டு வரியையும் சேர்த்து எடுத்துவிட்டார்கள். ஆதாரமாக ஒரு பாராட்டை மட்டும் அப்படியே காட்டியிருந்தார்கள். எழுதத் தெரியாததால் அப்பா போனில் பேசிப் பதிய வைத்தது: 'இவன் என் மகன். நான் சொல்றேன், நம்பி வேலை குடுங்க.'

முறையீட்டுப் படிவத்தில் காரணங்களின் பட்டியல் இருந்தது. என் காரணம் அதில் இல்லை. 'மற்றவை' என்பதை அழுத்தி எல்லாவற்றையும் விளக்கமாக எழுதினேன். படித்துப் பார்க்கக்கூட நேரம் ஆகியிருக்காது, அதற்குள் பதில்: பரிசீலனை முடிந்தது. மறுபடி எழுதினேன். மூன்றாவது தடவை, கோரிக்கை மூடப்பட்டது என்று வந்தது. தளத்தில் எல்லோரும் பேசிக்கொள்ளும் அரங்கம் ஒன்று உண்டு. வேறு பெயரில் அங்கே போய், மேடையின் படத்தையும் போட்டு, நடந்ததைச் சொல்லி வழி கேட்டேன். ஏமாற்றுகிறவர்கள் எல்லோரிடமும் இப்படி ஒரு குடும்பக் கதை இருக்கும் என்றார் ஒருவர். இன்னொருவர் அரிவாள்மணைப் படத்தைப் பார்த்துவிட்டு, இந்தக் காலத்தில் மிஷின் வாங்கிக் கொள்ளலாமே என்றார். கொஞ்ச நேரத்தில் அந்தப் பேச்சையும் மூடிவிட்டார்கள்.

மாஷிமா மறுபடி எழுத உட்கார்ந்தார். நீங்கள் ஏற்கெனவே எழுதிவிட்டீர்கள் என்று காட்டியதாம். எழுதியதையும் எடுத்துவிட்டு, எழுதிவிட்டாய் என்றும் சொல்கிறதே என்று வங்காளத்தில் அங்கலாய்த்தார். நான் உயிரோடுதானே இருக்கிறேன், என்னை ஒரு வார்த்தை கேட்டால் என்ன என்றார்.

நிறுவனத்துப் பெண்மணிக்குப் போன் செய்தேன். பொறுமையாகக் கேட்டார். பக்கம் இல்லாமல் மேலே எதைக் காட்டுவது என்றார். பிறகு எடுக்கவில்லை.

அப்பாவிடம் பக்கத்தை நிறுத்திவிட்டார்கள் என்று மட்டும் சொன்னேன். அவருடைய வரியைத்தான் ஆதாரமாகக் காட்டினார்கள் என்பதைச் சொல்லவில்லை. அவர் வெள்ளைச் சட்டையை எடுத்து இஸ்திரிக்குக் கொடுத்தார்.

"அவங்க ஆபீஸ் எங்க இருக்கு? பதினாறு பேரும் வர்றோம். பொய்யா நிஜமான்னு மூஞ்சியப் பாத்துக் கேக்கட்டும்."

"போய்ப் பாக்கற மாதிரி ஆபீஸ் இல்லப்பா."

"ஆபீஸ் இல்லாம யாருடா உன்ன நிறுத்தினது?"

கடைசியில் மனு எழுதுவது என்று முடிவானது. அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். 'ஐயா, இந்தப் பையனை எங்களுக்குத் தெரியும்' என்று தொடங்கியது. ஒர்க்‌ஷாப் வழக்கப்படி மூன்று பிரதி. தமிழிலும் இந்தியிலும் தெலுங்கிலுமாகப் பதினாறு கையெழுத்து, மூன்று தடவை. அனுப்பிவிடுகிறேன் என்று வாங்கிக்கொண்டேன்.

மூன்றும் என் வரைபடப் பையில், மாஷிமா வீட்டு மேடையின் அளவுத் தாளுக்கு அடியில் இருக்கின்றன. இப்போது நான் ஒரு பிளைவுட் கடையில் பில் போடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை பஜனை முடிந்து வந்ததும், நெற்றியில் விபூதியோடு அப்பா கேட்பார், பதில் வந்ததா என்று.

"இன்னும் இல்லப்பா."

"பெரிய ஆபீஸ்டா," என்பார் செருப்பைக் கழற்றியபடி. "ஃபைல் நகர நாளாகும்."