லூர்து டீச்சருக்கு ஊசியில் நூல் கோக்கத் தெரியாது

இரண்டு வாரத்துக்கு முன்னால், ஒரு வியாழக்கிழமை காலை, ஒரு ஸ்டேப்ளர் என் மானத்தை வாங்கிவிட்டது.

திண்டிவனத்தில் ஒரு நர்சரி பள்ளி. என் மகள் பவித்ராவுக்கு எல்.கே.ஜி. இன்டர்வியூ. நாலு வயதுப் பிள்ளைக்கு இன்டர்வியூவா என்று கேட்டுச் சிரித்தவன்தான் நானும். சிரித்துக்கொண்டே போய் வரிசையில் நின்றேன். மனைவி சுமதி விடிவதற்குள் பிள்ளையைக் குளிப்பாட்டி, ரெட்டைப் பின்னல் போட்டு, பவுடர் அடித்துத் தயார் செய்திருந்தாள். கவுன் என்னுடைய தையல். பள்ளி யூனிஃபார்ம் தைக்கும் என் கடையில் இந்தச் சீசனில் மூச்சு விட நேரம் கிடையாது. ஆனாலும் அந்தக் கவுனுக்கு மூன்று வரிசை ஃப்ரில் வைத்திருந்தேன்.

பிரின்ஸிபால் மேடம் நல்ல மாதிரிதான். சிரித்த முகம்.

"உன் பேர் என்னம்மா?"

பதில் இல்லை.

"சரி, அம்மா பேரு?"

அதற்கும் இல்லை.

"வெக்கப்படறா" என்று அவரே சமாதானம் சொல்லிவிட்டு, விண்ணப்பத்தில் போட்டோவை வைத்து ஸ்டேப்ளரை அழுத்தினார். டக்!

அவ்வளவுதான். பவி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். நாற்காலியிலிருந்து வழுக்கி இறங்கி மேஜைக்கு அடியில் போய் உட்கார்ந்துவிட்டாள். கூப்பிட்டாலும் வரவில்லை, இழுத்தாலும் வரவில்லை. தூக்கி எடுத்தபோது கவுன் நனைந்திருந்தது.

"வீட்ல பேசுவாளா?" என்று கேட்டார் மேடம்.

"மூச்சு வுடாமப் பேசுவா மேடம். காது வலிக்கும்" என்றாள் சுமதி.

யார் நம்புவார்கள்? மேடமும் நம்பவில்லை. "எதுக்கும் விழுப்புரத்துல ஒரு டாக்டர்கிட்ட காட்டிடுங்க. பேச்சுல ஏதாவது குறை இருந்தா இப்பவே தெரிஞ்சிக்கிறது நல்லது. அதுக்குன்னு தனி ஸ்கூல்கூட இருக்கு. வர்ற திங்கக்கிழமை வரைக்கும் சீட் வெச்சிருக்கேன். அதுக்கு மேல முடியாது சார்... வெளியே பாருங்க, எவ்ளோ பேரு."

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வரும் வழியெல்லாம் சுமதி பேசினாள். "அப்பன மாரியே ஊமக்கோட்டானாப் பூட்சி. கடைக்கு வர்ற கஸ்டமருகிட்டகூட வாயத் தொறக்காத மனுசனுக்குப் பொறந்தா வேற எப்பிடி இருக்கும்? டாக்டர்கிட்ட இட்டுக்கினு போவணுமாம். எம் புள்ளய!"

சொல்லிக்கொண்டே அழுதாள்.

அவள் சொன்னதில் பாதி சரி. மீதிப் பாதி அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். அந்த 'டக்' சத்தம் கேட்ட நொடியே தெரிந்துவிட்டது.

விஷயம் இதுதான். பொங்கல் கழிந்ததும் பவியை எங்கள் தெருப் பால்வாடியில் சேர்த்தோம். அதற்கு முந்தின நாள் நான் காலர் வெட்டிக்கொண்டிருக்கிறேன். இவள் பக்கத்தில் நின்று கேள்வி மேல் கேள்வி. கத்தரிக்கு ஏன் ரெண்டு கால்? பாபின் ஏன் சுத்துது? சட்டைக்குப் பசிக்காதா?... கை தவறி ஒரு காலர் போயே போய்விட்டது. அந்தக் கோபத்தில் சொன்னேன்:

"இங்க பேசறா மாரி அங்க போயிப் பேசினே... டீச்சருங்க வாயத் தைச்சுடுவாங்க!"

எல்லா அப்பாவும் சொல்வதுதானே? ஆமாம். ஆனால் எல்லா அப்பாவும் தையல்காரன் இல்லையே!

அன்றிலிருந்து வீட்டில் பேசுவாள், கடையில் பேசுவாள். பால்வாடி வாசல்படி ஏறினால் வாய் மூடிக்கொள்ளும். மூன்று மாதம். நான் என்ன நினைத்தேன் தெரியுமா? என்னைப்போல் கூச்சம் என்று நினைத்தேன். அடக்கமான பிள்ளை என்று உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைகூடப் பட்டேன்.

இந்த இடத்தில் லூர்து டீச்சரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எங்கள் பால்வாடிக்கு ஒரே அறை, ஓடு வேய்ந்த கூரை. டீச்சர் ஒருவர், ஆயா ஒருவர். வந்த புதிதில் டீச்சர் வீடு வீடாகப் போய் ஒரு கேள்வி கேட்டாராம் — "உங்க புள்ள ஒன்னுக்கு வந்தா என்னா சொல்லும்?" பெண்கள் எல்லாம் வாயைப் பொத்திச் சிரித்திருக்கிறார்கள். டீச்சர் சிரிக்கவில்லை; காரணம் இருந்தது. கெடார் கிராமத்திலிருந்து இங்கே வந்து குடியேறிய ஒரு வீட்டில் 'தண்ணி' என்றால் அதுதான். அந்த வீட்டுப் பிள்ளை ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த முதல் நாள் "தண்ணி... தண்ணி..." என்று கேட்க, அங்கிருந்த டீச்சர் பாசத்தோடு டம்ளர் டம்ளராகக் குடிக்கக் கொடுத்திருக்கிறார். அப்புறம் நடந்ததைச் சொல்ல வேண்டுமா?

அதிலிருந்து லூர்து டீச்சரிடம் ஒரு நோட்டு உண்டு. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பக்கம். அந்த வீட்டில் சோற்றுக்கு என்ன பேர், ஒன்றுக்கு என்ன பேர், எதைக் கட்டிக்கொண்டு தூங்கும்... எல்லாம் எழுதியிருக்கும். பிள்ளை எந்தப் பள்ளியில் சேர்ந்தாலும் அந்தப் பக்கத்தைப் பார்த்து எழுதிக் கையில் கொடுத்து அனுப்புவார். எந்த அதிகாரியும் இதைச் செய்யச் சொல்லவில்லை.

மார்ச் மாதம் பெற்றோரைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். "ஸ்கூலுக்கு அனுப்பப் போறீங்க. புள்ளைங்க தயாராத்தான் கீது. நீங்க தயாரா?" என்று ஆரம்பித்தார். வாசலில் விட்டுவிட்டு ஒளிந்து ஓடாதீர்கள், சொல்லிவிட்டுப் போங்கள் என்றார். டப்பாவைத் தானாகத் திறக்கப் பழக்குங்கள் என்றார். கடைசியாக ஒரு கேள்வி கேட்டார்.

"வூட்ல புள்ளைய என்னா சொல்லிப் பயமுறுத்துவீங்க? மறைக்காம சொல்லுங்க, நோட்டுல எழுதணும்."

"போலீசுதான் டீச்சர். ஸ்டேஷன் பக்கத்துலதான எங்க வூடு" என்றது ஒரு குரல்.

"எங்களுது ஊசி. கம்பவுண்டர் வர்றாருன்னு சொன்னாப் போதும், சோறு ஜல்தியா எறங்கும்" என்றது இன்னொன்று.

பின்னாலிருந்து ஒரு லாரி டிரைவர், "எங்க வூட்ல எம் பொண்டாட்டி பேரச் சொன்னாப் போதும் டீச்சர். புள்ள மட்டுமில்ல, நானும் அடங்கிடுவேன்" என்றார். ஒரே சிரிப்பு.

டீச்சர் என்னைப் பார்த்தார். "நீங்க டெய்லரண்ணே?"

அத்தனை பெண்களும் திரும்பிப் பார்த்தார்கள். "நாங்க பயமுறுத்தறதில்லீங்க" என்று தரையைப் பார்த்துச் சொன்னேன்.

கூச்சம் யாருக்கும் கெடுதல் செய்யாது என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். செய்யும்.

இன்டர்வியூவுக்கு மறுநாள், வெள்ளிக்கிழமை மத்தியானம், பால்வாடி வாசலில் போய் நின்றேன். பிள்ளைகள் பாயில் தூங்கிக்கொண்டிருந்தன. ஆயா என்னைப் பார்த்து, "இன்னா டெய்லரே, கதவுக்கு அளவெடுக்க வந்தியா? அரை மணி நேரமா நிக்கிற" என்றார். டீச்சர் வெளியே வந்தார்.

சொன்னேன். ஸ்டேப்ளர், சீட், டாக்டர்... எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, கடைசியில் நான் பிள்ளையிடம் சொன்னதையும் சொன்னேன். என் வாழ்க்கையில் நான் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியது அதுவே முதல் தடவை.

டீச்சர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை.

"போலீசு வருவாருன்னு சொல்றாங்க இல்ல... நாலு வாட்டி சொல்லி போலீசு வரலைன்னா புள்ளைக்கே தெரிஞ்சிடும், இது சும்மான்னு. உங்க புள்ளைக்கு அப்பிடியா? கண்ணு முழிச்சதுலேருந்து ஊசி ஏறி எறங்கறதப் பாக்குது. கிழிஞ்சது மூடிக்கிறதப் பாக்குது. நம்பாம என்னா பண்ணும்?"

"நா சும்மா சொன்னேன்னு சொல்லிடட்டுமா டீச்சர்?"

"இப்ப அத நம்பாது. மூணு மாசமா வாய மூடிக்கினு காப்பாத்தி வெச்சிருக்குதே... உங்க பேச்சுக்காக ஒரே நாள்ல தொறந்துடுமா?" என்றார். பிறகு லேசாகச் சிரித்தார். "நாளைக்குச் சாயங்காலம் கடைக்கு வர்றேன். நீங்க வாயே தொறக்கக் கூடாது. உங்களுக்கு அது கஷ்டமில்லையே?"

சனிக்கிழமை நாலரை மணிக்கு வந்தார். கையில் காதறுந்த ஒரு துணிப்பை. அவரைக் கண்டதும் பவி மிஷினுக்கு அடியில், வெட்டுத்துணிக் குவியலுக்குள் போய்விட்டாள். கை வாய்மேல்.

டீச்சர் அவள் பக்கம் திரும்பவே இல்லை. "ஒரு ஊசி, நூலு குடுங்கண்ணே. இந்தக் காத நானே வெச்சுக்கிறேன்" என்று பெஞ்சில் உட்கார்ந்தார்.

அப்புறம் ஆரம்பித்தது பாருங்கள்!

நூலை ஊசிக்கு இந்தப் பக்கம் விட்டார். அந்தப் பக்கம் விட்டார். ஊசியைத் தலைகீழாகப் பிடித்தார். கண்ணைச் சுருக்கினார். கண்ணாடியைக் கழற்றினார், மாட்டினார். நூல் நுனி பிரிந்து பூப்போல விரிந்துவிட்டது. ஐந்து நிமிடம்... பத்து நிமிடம்... என் கை அரிக்கிறது. பிடுங்கிக் கோத்துக் கொடுத்துவிடலாம் போல இருக்கிறது.

அந்த நேரம் பார்த்துப் பக்கத்துப் பூக்கடைக்காரர் உள்ளே வந்தார். "இன்னா டீச்சர், பாக்கவே பேஜாரா கீது. குடுங்க, நா கோத்துத் தர்றேன்."

எங்கிருந்து எனக்குத் தைரியம் வந்தது என்று தெரியவில்லை. எழுந்து அவர் தோளைப் பிடித்து வாசலுக்குத் திருப்பினேன். "அண்ணே, உங்க சட்ட நாளைக்கு ரெடியாயிடும்."

"நா எங்கய்யா ஒங்கிட்ட சட்ட குடுத்தேன்?"

"நாளைக்குக் குடுங்க. இப்ப போங்க."

முறைத்துக்கொண்டே போனார். திரும்பினேன். வெட்டுத்துணிக் குவியலிலிருந்து ஒரு தலை வெளியே வந்திருந்தது. வாய்மேல் இருந்த கை கன்னத்துக்கு இறங்கியிருந்தது. டீச்சர் மறுபடியும் நூலை விட்டார். மறுபடியும் தவறியது. "அட, போக மாட்டேங்குதே..."

"எச்சி தொட்டு முறுக்கணும்."

சின்னக் குரல். நான் மிஷின் சக்கரத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

டீச்சர் துள்ளவில்லை. 'அய், பேசிட்டாளே' என்று கை தட்டவில்லை. ஏதோ தினமும் கேட்கும் குரல் மாதிரி, "அப்பிடியா? எங்க, காட்டு" என்று ஊசியை நீட்டினார். பவி வந்தாள். நூல் நுனியை நாக்கில் தொட்டு, முறுக்கி, ஒரே தடவையில் கோத்தாள்.

"உனுக்குத் தைக்கத் தெரியாதா டீச்சர்?"

"ஊஹூம்."

"பட்டன்?"

"தெரியாது."

"கொக்கி?"

"அதுவும் தெரியாது."

கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு, மிக மெதுவாக, "வாயி?"

"வாயத் தைக்க யாருக்குமே தெரியாது கண்ணு. எந்த டீச்சருக்கும் தெரியாது. இதோ, தைக்கறவரு உங்கப்பாதான. அவருக்கே தெரியாது. வேணும்னா கேளு."

பவி என்னைப் பார்த்தாள். டீச்சரும் பார்த்தார். வாயைத் திறக்கக் கூடாது என்ற கட்டளை இப்போது இல்லை என்று புரிந்தது.

"தெரியாதும்மா" என்றேன். "அப்பா பொய் சொல்லிட்டேன்."

பிள்ளையிடம் இதைச் சொல்வது இவ்வளவு கஷ்டம் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. நீங்கள் சொல்லிப் பார்த்திருக்கிறீர்களா?

திங்கட்கிழமை மறுபடி அதே அறை, அதே நாற்காலி. மேடம், "உன் பேர் என்னம்மா?" என்றார். பவி தன் பேரைச் சொன்னாள். என் பேரை, சுமதி பேரை, பூக்கடைக்காரர் பேரைச் சொன்னாள். ஸ்டேப்ளரைத் தொட்டுப் பார்த்து, "இது பேப்பர மட்டுந்தான் தைக்குமா?" என்று கேட்டாள். மேடம் "ஆமா" என்றதும், ஒரு பேப்பரை வாங்கித் தானே ஒரு 'டக்' போட்டாள். அப்புறம் மேடத்தைப் பேச விடவில்லை. சுமதி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

சீட் கிடைத்தது. "எந்த டாக்டர்கிட்ட காட்டினீங்க?" என்று கேட்டார் மேடம்.

"பால்வாடி டீச்சருங்க" என்றேன்.

மாலையில் கால் கிலோ மிக்சர் வாங்கிக்கொண்டு பால்வாடிக்குப் போனேன். டீச்சர் ஏதோ மீட்டிங் என்று விழுப்புரம் போயிருந்தார். ஆயா மட்டும் பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொன்னேன். "பாவம், டீச்சருக்குக் கண்ணு சரியில்ல போல. நூலு கோக்கவே ரொம்பக் கஷ்டப்பட்டாங்க. கண் டாக்டரப் பாக்கச் சொல்லுங்க" என்றும் சொன்னேன்.

ஆயா பாயைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார், பாருங்கள்... சிரித்துச் சிரித்துச் சுவரில் சாய்ந்துவிட்டார்.

"யோவ் டெய்லரே! அந்தம்மாவா கோக்கத் தெரியாதவங்க? எம் ரவிக்கய பாரு. கிறிஸ்மசுக்குக் கிறிஸ்மஸ் எனக்கு அவுங்கதான் கையாலயே தைச்சுத் தர்றாங்க. உங்கிட்ட நா என்னிக்காச்சும் துணி குடுத்துகீறனா?"

கையை நீட்டிக் காட்டினார். ரவிக்கையின் கை ஓரத்தைப் புரட்டிப் பார்த்தேன். இருபது வருடமாகத் தைப்பவன் நான். ஒரு தையல் பெரிது, ஒரு தையல் சிறிது என்று இல்லை. வெளிப்பக்கம் நூலே தெரியவில்லை.

நானும் பிள்ளையிடம் ஒரு பொய் சொன்னேன், டீச்சரும் ஒரு பொய் சொன்னார். தொழில் என்னுடையது... நேர்த்தி அவருடையது!