தூளி உயரத்துப் புகை

ஐம்பதுகளின் கடைசியில் நடந்தது இது. சின்னாளப்பட்டிக்குக் கிழக்கே ஒரு சிறிய ஊரில் இருந்தோம். மூத்த மகள் பிறந்து ஐந்து மாதம்.

அதற்கு இரண்டு மாதம் முன்னால், அரசாங்கத்துக் கிராமசேவகியாக அந்த ஊருக்கு வந்த ஓர் அம்மா, தெருவிலேயே முதலாவதாக என் வீட்டில்தான் புகையில்லா அடுப்பு போட்டுக் கொடுத்தார். களிமண் அடுப்பு, கூரையைத் தாண்டிப் போகிற மண் குழாய். "அடுப்புக்கு மூக்கு வச்சிருக்கா, நாளைக்கு அது மூக்குத்தி கேக்கும்" என்று பெண்கள் கேலி பேசினார்கள். நான் அசரவில்லை. கண் எரியாமல் சமைக்கிறவள் ஊரில் நான் ஒருத்திதானே.

இரண்டு மாதம் போனது. அடுப்புக்கு மேலே விட்டத்தில் தொங்கிய விதைச்சோளக் கதிரில் வண்டு விழுந்துவிட்டது. முன்பெல்லாம் புகை பட்டுப் பட்டு விதை கெடாமல் இருக்கும். வீட்டுக்காரர் ஒரு கதிரைக் கசக்கினார், மாவாகக் கொட்டியது. "ஆடிக்கு எதை வெதைக்கிறது, ஒன் அடுப்பு மூக்கையா?" என்றார். எனக்குச் சுருக்கென்றது.

மறுநாள் யாரையும் கேட்கவில்லை. குழாயில் கரி வழிக்கிற துளை வழியாக நனைந்த சாக்கைத் திணித்து அடைத்தேன். ஈரமான பருத்திமார்க் குச்சிகளைப் பற்றவைத்தேன். மிச்ச விதையாவது பிழைக்கட்டும் என்று நினைப்பு. தரையில் உட்கார்ந்து வெஞ்சனத்துக்குக் கத்தரிக்காய் நறுக்கினேன். புகை மேலே போய்விட்டதால் எனக்குக் கண் மட்டும் லேசாகக் கரித்தது. அது பழகினதுதான். நாய் பூனை எட்டாதபடி அதே விட்டத்தில் தூளியை ஏற்றிக் கட்டியிருந்தேன். அழுதுகொண்டிருந்த பிள்ளை அடங்கினாள். தூங்கிவிட்டாள் என்று சந்தோஷப்பட்டேன்.

கொழுந்தன் பெண்சாதி உப்பு கேட்டு வந்தாள். உள்ளே வந்ததுமே இருமினாள். தூளியை விலக்கிப் பார்த்தவள், "அக்கா, புள்ள ஒதடு ஏன் இப்பிடிக் கறுத்திருக்கு?" என்றாள்.

நான் பதறி எழுவதற்குள் அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். தலை துவண்டு தொங்கியது. முதுகைத் தட்டினாள், வாயில் ஊதினாள். ஒரு விக்கல் வந்தது. பிறகு அழுகை.

சேதி கேட்டுக் கிராமசேவகி அம்மா ஓடிவந்தார். ஏசுவார் என்று தலை குனிந்தேன். அவர் என்னை உள்ளே கூட்டிப் போனார். புகை இன்னும் அடங்கவில்லை.

"கீழ உக்காந்தா தெரியாதும்மா. தூளி ஒசரத்துல நின்னு ஒரு மூச்சு இழுத்துப் பாருங்க."

இழுத்தேன். நெஞ்சு அடைத்து வெளியே ஓடிவந்துவிட்டேன். புது அடுப்பு வருவதற்கு முன்னால் மூன்று மாதமும் பிள்ளை இந்தக் காற்றில்தானே கிடந்தாள் என்பது அப்போதுதான் உறைத்தது.

சாக்கை நானே பிடுங்கி எறிந்தேன். மிச்ச விதையைச் சாம்பலும் வேப்பிலையும் போட்டுப் பானையில் மூடி வைத்தோம்.

அந்த மகள் இப்போது பேரன் பேத்தி எடுத்துவிட்டாள். ஆனாலும் யார் வீட்டு அடுப்படிக்குப் போனாலும், உட்காருவதற்கு முன்னால் நின்று ஒரு மூச்சு இழுத்துப் பார்க்கிறேன். விதைக்குப் பார்த்த நான், அன்றைக்கு ஒரு தடவை எழுந்து நிற்கவில்லையே.