சின்னக்கண்ணு கைக்குப் பொருந்திய துப்பாக்கி

நேற்று வாசற்கதவுக்கு ஆளிவிதை எண்ணெய் பூசிக்கொண்டிருந்தேன். வாசனை மூக்கில் ஏறியதும் கை நின்றுவிட்டது. ஆயுசு முழுக்க மரத்தோடு மல்லுக்கட்டிய தச்சனுக்கு எண்ணெய் வாசனை புதிதா என்று கேட்பீர்கள். புதிதில்லைதான். ஆனால் அந்த வாசனை வந்தால் எனக்கு மரம் ஞாபகம் வருவதில்லை. சின்னக்கண்ணு அக்காதான் வந்து நிற்பாள்.

அப்போது எங்கள் தங்கச்சுரங்க ஊரான கோரமண்டலுக்கு ரயில் கிடையாது. சுரங்கத்துக்கு முட்டுக்கொடுக்கும் மரம் அறுக்கிற பட்டறையில் எனக்கு வேலை. புதுக் கல்யாணம், புது மீசை, எல்லாம் தெரியும் என்கிற நினைப்பு வேறு. கூலி லைனில் பக்கத்துக் குடிசை வேலாயுதத்துடையது. கம்பெனி மரக்கிடங்குக்கு அவர்தான் வாட்ச்மேன். அவர் சம்சாரம் சின்னக்கண்ணு, ஜவ்வாது மலையடிவாரத்துக்காரி. அப்பனோடு காட்டில் அலைந்து நாட்டுத் துப்பாக்கியால் கௌதாரி சுட்டவள் என்று சொல்வார்கள். ஆள் குள்ளம், கை குழந்தைக் கை. நாங்கள் யாரும் நம்பியதில்லை.

லைனுக்கு அப்பால் வெறும் முள்ளும் பாறையும்தான். அங்கிருந்து ஒரு சிறுத்தை வர ஆரம்பித்தது. முதலில் ஆடு, பிறகு நாய். ஒருநாள் விடியற்காலையில் தண்ணீருக்குப் போன ஒரு பெண்ணின் தோளைக் கவ்விவிட்டது. உயிர் பிழைத்தாள், கை விளங்காமல் போயிற்று. அதன்பிறகு ஷிப்டுக்குப் போகிறவர்கள் தகரத்தைத் தட்டிக்கொண்டு கும்பலாகப் போனார்கள்.

கம்பெனி ஒரு ரெட்டைக்குழல் துப்பாக்கியை வேலாயுதத்திடம் கொடுத்தது. இரண்டு தடவை சுட்டார். ஒரு பாறைக்கும் ஒரு புளியமரத்துக்கும்தான் காயம். என்னைத் தனியே இழுத்து, "எனக்கு மாலைக்கண்ணு தம்பி. வெளிய சொல்லிடாத, வேல பூடும்" என்றார்.

"இப்டி குடு, நான் பாக்கறேன்" என்று சின்னக்கண்ணு வாங்கினாள். வெள்ளைக்காரத் துரைகளின் நீளக் கைக்குச் செய்தது அது. துப்பாக்கியின் பின்கட்டை தோளில் நிற்காமல் அக்குளுக்குள் நழுவியது. விரல் விசைக்கு எட்டவில்லை.

"இன்னா தம்பி இது, நொகத்தடி மாதிரி கீது?"

கட்டையை அறுத்துக் குறைத்துத் தருகிறேன் என்றேன். கம்பெனி சொத்து என்று வேலாயுதம் அலறினார். குறை துப்பாக்கியிலா ஆளிலா என்று பார்க்க நானே ஒரு தோட்டா சுட்டேன். சிரிக்காதீர்கள், வானம்தான் தெரிந்தது, முதுகு தரையில் கிடந்தது.

இந்தக் கூத்து எஞ்சினியர் துரையின் பட்லர் வாய்வழியாகப் பங்களாவுக்குப் போய்விட்டது. மறுநாள் துரையின் சம்சாரம் சின்னக்கண்ணுவையும் வேலாயுதத்தையும் கூப்பிட்டனுப்பினாள். வீங்கிய தோளோடு நானும் போனேன். துரைசானியும் குள்ளம்தான். ஒரு தோல் பெட்டியைத் திறந்தாள். ஆளிவிதை எண்ணெய் ஊறிய வால்நட் மரத்தின் வாசனை தாழ்வாரம் முழுக்கப் பரவியது. உள்ளே அவளுக்கென்றே அளவெடுத்துச் செய்த சின்னத் துப்பாக்கி.

அவள் அதை எடுக்கவில்லை. முதலில் தன் உள்ளங்கையைச் சின்னக்கண்ணுவின் உள்ளங்கையோடு சேர்த்து வைத்துப் பார்த்தாள். ஒரே அளவு. கூலிக்காரியின் கையைத் துரைசானி தொடுவதை அதுவரை நாங்கள் பார்த்ததில்லை. வேலாயுதம் தலைப்பாகையைக் கழற்றிவிட்டார்.

"கண்ண மூடிக்கினு தூக்கணுமாம். தோள்ல வெச்சப்புறம் தெறக்கணுமாம்" என்றார் பட்லர்.

சின்னக்கண்ணு கண்ணை மூடினாள். துப்பாக்கி எழுந்தது. எப்படிச் சொல்வேன்! தூங்கும் பிள்ளையைத் தோளில் சாய்த்துக்கொள்ளும்போது தாய் இடம் தேடுவாளா? அப்படித்தான். கட்டை தோளில் அமர்ந்தது, கன்னம் தானாக வந்து படிந்தது, விரல் விசையில் இருந்தது. எத்தனையோ இணைப்புகளைச் செதுக்கிப் பொருத்தியவன் நான். இப்படிப் பொருந்திய ஒன்றைப் பார்த்ததில்லை.

கண்ணைத் திறந்தாள். "குழல் நுனியில இருக்கற மணி மட்டும் தெரியுது. வேற ஒண்ணும் குறுக்கால இல்ல."

பட்லர் அதை இங்கிலீஷில் சொன்னதும் துரைசானி வாய்விட்டுச் சிரித்தாள். பிறகு ஏதோ சொன்னாள். பட்லர் முகம் வெளுத்தது. "நீயே சுடணுமாம். கூட இவங்களும் வராங்களாம்."

இரண்டு பாறைகளுக்கு நடுவே பரண் கட்டியது நான்தான். கீழே ஆட்டைக் கட்டிவிட்டுச் சின்னக்கண்ணு, துரைசானி, நான் மூவரும் ஏறி உட்கார்ந்தோம். பொழுது சாய்வதற்குள் சிறுத்தை வந்துவிட்டது. மஞ்சள் வெயிலில் பாறைமேல் அவசரமே இல்லாமல் நின்றது. அத்தனை அழகை அவ்வளவு பக்கத்தில் பார்த்ததில்லை. சின்னக்கண்ணுவும் பார்த்துக்கொண்டேதான் இருந்தாள். ஆடு கத்தியது. சிறுத்தை பதுங்கியது. அவள் தோள் அசைந்ததுகூடத் தெரியவில்லை. ஒரே வெடி. பாறையிலிருந்து சரிந்தது, மறுபடி எழவில்லை.

லைனில் தாரை தப்பட்டை கிளம்பிவிட்டது. பரண்மேல் சின்னக்கண்ணு துப்பாக்கியை மடியில் கிடத்திக்கொண்டு அந்தப் பாறையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எம்மாம் அழகு தம்பி அது" என்றாள். பேச்சு புரியாவிட்டாலும் துரைசானி அவள் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

அடுத்த வருஷம் துரைக்கு மாற்றலாகி அவர்கள் சீமைக்குப் போனார்கள், துப்பாக்கியும் கப்பலேறியது. கம்பெனி வேறொன்று தருகிறேன் என்றதற்கு, "வாணாங்க" என்று அக்கா ஒரே சொல்லில் முடித்துவிட்டாள். புருஷன் பொண்டாட்டி இருவரும் பிளேக் வந்த வருஷத்தில் போய்ச் சேர்ந்தார்கள். அந்தப் பாறைகளைப் பிளந்து எஞ்சின் கட்டடத்துக்கு அஸ்திவாரம் போட்டார்கள். முள்காடு இருந்த இடத்தில் பொன்னெடுத்துக் கழித்த மண் மலையாய்க் குவிந்து கிடக்கிறது. காற்றடித்தால் அந்த மண்தான் வீட்டுக்குள் வருகிறது. அங்கே கௌதாரி கூவிக் கேட்டு எத்தனையோ காலமாயிற்று.